பச்சைத் தண்ணீரும் உப்பும்

அத்தியாயம் 9

சர்க்கரை டப்பாவின் மூடி கிடைத்தபாடில்லை. பன்னிரண்டு நாளாக ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறாள், லாண்டரியில் கறை எடுக்கும் நம் கறைக்காரி. எறும்புக்குத் தட்டெல்லாம் ஒரு பொருட்டா? வரிசை கட்டிப் போய் வந்துகொண்டிருந்தன.

போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு, அந்த மூடியைத்தான் அவள் புருஷன் வேன்காரன் அவள் முகத்தைக் குறி பார்த்து வீசினான். அவள் விலகிவிட்டாள். எட்டு வருஷக் குடித்தனம், விலகக்கூடத் தெரியாதா? இடுப்பில் இருந்த ஒன்றரை வயது மகன் உருண்டைக்குத்தான் தெரியவில்லை. நெற்றி பிளந்து மூன்று தையல்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் "எப்படி ஆச்சு?" என்று கேட்டதும், வேன்காரன் முந்திக்கொண்டான். "கட்டில்லேருந்து விழுந்துட்டான் சார். இவ கவனிக்கலை."

டாக்டருக்குப் பின்னால் எழுபது பேர் வரிசையில் நின்றார்கள். அவர் அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

லாண்டரி முதலாளியின் மருமகளுக்குப் போன வருஷம் இதே கதைதான். அவளுடைய பட்டுச் சட்டை கறை மேசைக்கு வந்தபோது, நம்மவள்தான் கழுத்துப்பட்டியிலிருந்து ரத்தத்தை எடுத்தாள். ஆனால் அங்கே டாக்டர் வீட்டுக்கே வந்தார். நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவள் சொல்லச் சொல்ல எழுதினார். மறுநாள் அவள் குழந்தையோடு காரில் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். ரத்தம் என்னவோ ஒரே நிறம்தான், எழுதுகிற பேனாதான் வேறு.

இப்போது அந்த ஆஸ்பத்திரிச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வேன்காரன் ஊரெல்லாம் சொல்கிறான். "பெத்தவளுக்குப் புள்ளையைப் பாத்துக்கத் துப்பில்லை. பையன் என்கிட்ட இருக்கட்டும். அவ எங்க வேணாலும் போகட்டும்."

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. மூணு மணிக்கு விசாரணை. உருண்டை யாரிடம் இருப்பான் என்பதைக் குழந்தைகள் நல அதிகாரி சொல்லப்போகிறார்.

அவளுக்கு இருந்த ஒரே பிடி இரண்டு துணிகள். பெண்கள் உதவி மையத்துக் கண்ணாடி அம்மாதான் அதைச் சொன்னவர்.

"அன்னிக்கு நீங்க போட்டிருந்த சட்டை எங்கம்மா?"

"அப்படியே மூலையில கிடக்கு மேடம். துவைக்க மனசு வரலை."

"துவைச்சுடாதீங்க! இடது தோள்லேருந்து கீழ வரைக்கும் ரத்தம் வழிஞ்சிருக்குன்னு சொல்றீங்க. குழந்தை கட்டில்லேருந்து விழுந்திருந்தா உங்க தோள்ல எப்படி வரும்? உங்க இடுப்புல இருக்கும்போதுதான் அடிபட்டிருக்கான். அந்தச் சட்டை வாய் திறந்து பேசும்மா. பையன் சட்டையும் சேர்த்து ஒரு காகித உறையில போட்டு வைங்க."

"நீங்களே வாங்கி வெச்சுக்குங்களேன் மேடம்."

"நான் வாங்கி வெச்சா நாளைக்கு அது செல்லாதும்பாங்க. அதிகாரி முன்னாடி உங்க கையால குடுக்கணும்."

ஆக, நீலச் சட்டையும் உருண்டையின் மஞ்சள் சட்டையும் காகித உறைக்குள் போய், மிளகின் புத்தகப் பெட்டிக்கு அடியில் ஒளிந்தன. மிளகு மூத்தவள். ஏழு வயசு. ஆள் குட்டி, பேச்சு காரம், அதனால் அந்தப் பேர்.

பெட்டி அவளுடையது. அவளிடம் சொல்லாமல் முடியுமா?

"அப்பா கண்ணுல இது படவே கூடாதுடி. இந்தக் கறையைப் பாத்தாருன்னா அவருக்குக் கோவம் வந்துடும்."

இதை நீங்களாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சொன்னவள் மறந்துபோனாள்.

காலையில் வேன்காரன் பல் தேய்த்துக்கொண்டே சொன்னான்: "அந்த வெள்ளைச் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டு வை. மத்தியானம் போட்டுக்கணும்."

அவளும் போட்டாள். தனக்கு எதிராகப் பேசப்போகிறவனுக்குக் காலரை மடித்து, கை மடிப்பைக் கத்தியாட்டம் எடுத்துக் கொடுத்தாள். பாதி போட்ட பிறகுதான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று உறைத்தது. இருந்தும் மீதியையும் போட்டு முடித்தாள். அரைகுறையாக விட அவள் கைக்குத் தெரியாது.

கிளம்பும்போது அந்த உறையையும் எடுத்துக்கொண்டு போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். லாண்டரி வாசலில் ஒரு விதி உண்டு. ஒரு கைக்குட்டைகூட உள்ளே போகக் கூடாது, வெளியே வரக் கூடாது. பையைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள். ரத்தக் கறையோடு இரண்டு துணியைக் கண்டால் கம்பெனித் துணி என்று பிடுங்கி மூட்டையில் எறிந்துவிடுவார்கள். வீடும் பத்து நிமிஷ நடைதான், லாண்டரிக்குப் பின்னாலிருக்கும் லைன் வீடு. அதுவும் லாண்டரி வேன் ஓட்டுகிறவன் என்று வேன்காரன் பேரில் கம்பெனி கொடுத்தது. ஒரு மணிக்கு வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டுப் போனாள். மிளகைப் பள்ளிக்கு அனுப்பாமல் தம்பிக்குக் காவல் வைத்தாள்.

லாண்டரியில் மேஸ்திரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

"அரை நாள் லீவா? ஆஸ்பத்திரி மூட்டை நாற்பது வந்திருக்கு. யாரு பாக்கிறது?"

"ஒரு மணி வரைக்கும் பாத்துட்டுத்தான் போவேன் அண்ணே. இன்னிக்கு என் புள்ளை விஷயம்."

"தெரியும், தெரியும். நானும் கேள்விப்பட்டேன்." அவர் வேன்காரனின் கூட்டாளி. "வீட்டுக்குள்ள பேசித் தீக்க வேண்டியதை வீதிக்குக் கொண்டு வர்றே. அடிக்கிற கைதான்மா அணைக்கும்."

"அணைக்கிற கையை நான் இன்னும் பாக்கலை அண்ணே. எட்டு வருஷமாப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

மேஜை சுற்றி நின்ற நாலு பெண்களும் குனிந்து சிரித்தார்கள். மேஸ்திரி முறைத்துவிட்டுப் போனார்.

அவள் கை அது பாட்டுக்கு வேலை செய்தது. விரிப்பை விரி, கறையைத் தேடு, பச்சைத் தண்ணீரில் நனை, உப்பைத் தூவித் தேய், போகவில்லையென்றால் நுரை மருந்து விடு. வெந்நீர் மட்டும் கூடவே கூடாது. வெந்நீர் பட்டால் ரத்தம் துணியோடு கல்யாணம் கட்டிக்கொள்ளும், அப்புறம் யார் வந்தாலும் பிரிக்க முடியாது. புதிதாக வேலைக்கு வருகிற பெண்களுக்கு இதைச் சொல்லிச் சிரிப்பாள். கடைசியில் மறக்காமல் ஒன்று சொல்வாள்: "மேல பாத்து ஏமாறாதே, தையல்ல பாரு. நூலுக்குள்ளதான் கறை உக்காந்திருக்கும்."

ஒரு மணிக்கு மணி அடித்தது. கையைத் துடைத்துக்கொண்டு ஓடினாள்.

வீட்டு வாசலில் கொடி கட்டியிருந்தது. கொடியில் இரண்டு சட்டைகள் தொங்கின. ஒன்று நீலம், ஒன்று மஞ்சள்.

அவள் நின்றுவிட்டாள்.

"அம்மா!" உள்ளேயிருந்து மிளகு ஓடிவந்தாள். முன்னங்கை இரண்டும் நனைந்து, பாவாடையெல்லாம் ஈரம். "பாரு! கொஞ்சங்கூட இல்லை. நல்லாப் பாரு!"

அவள் நீலச் சட்டையைக் கொடியிலிருந்து இழுத்தாள். இடது தோளைப் பார்த்தாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். தோள் தையலை நகத்தால் பிரித்து நூலுக்குள் பார்த்தாள். ஒன்றுமில்லை. நீலம்கூட வெளுக்கவில்லை. லாண்டரியில் பத்து வருஷம் நின்றவர்கள்கூட இப்படி எடுக்க மாட்டார்கள்.

"யாருடி..." மிளகின் பக்கம் திரும்பினாள். "யாருடி இதைத் துவைக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லலை. நானேதான்." மிளகுக்குப் பெருமை தாங்கவில்லை. "பச்சைத் தண்ணியிலதான் ஊறவெச்சேன், வெந்நி தொடவே இல்லை. உப்பு போட்டேன். அப்பவும் போகலை. அப்புறம் தம்பி நெத்திக்கு ஆஸ்பத்திரியில குடுத்தாங்கல்ல, அந்த நுரை மருந்து, அது உன் மேஜையிலயும் இருக்குன்னு சொன்னியே? அதைப் பூரா ஊத்திட்டேன். தையல்ல பிரஷ் போட்டேன்மா. நீ சொல்லுவியே!"

"ஏன்டி? ஏன்டி செஞ்சே?"

பெண்ணின் முகம் கொஞ்சம் வாடியது. அம்மா சந்தோஷப்படவில்லை என்பது அப்போதுதான் அதற்குப் புரிந்தது.

"நீ வேலைக்குப் போனப்புறம் அப்பா என்கிட்ட கேட்டாரு. உங்கம்மா எதையாவது ஒளிச்சு வெச்சிருக்காளான்னு. நான் இல்லைன்னு சொன்னேன். மத்தியானம் சட்டை மாத்த வரும்போது எல்லாப் பெட்டியையும் பாக்கிறேன்னாரு." அவள் விரலைத் திருகிக்கொண்டாள். "கறையைப் பாத்தா கோவம் வரும்னு நீதானே சொன்னே? கறையே இல்லைன்னா?"

கறைக்காரி அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். திட்டவா முடியும்? அடிக்கவா முடியும்? அந்தக் குழந்தை தன் தாயைக் காப்பாற்றியிருக்கிறது. அதற்குத் தெரிந்த ஒரே வழியில், தாய் கற்றுக்கொடுத்த ஒரே வித்தையை வைத்துக் காப்பாற்றியிருக்கிறது.

"அப்பா வந்தாரா?"

"வந்தாரு. கொடியைப் பாத்தாரு. ரொம்ப நேரம் சிரிச்சாரு. அம்மா பொண்ணுன்னாரு. எனக்கு பிஸ்கட் குடுத்தாரும்மா!" மிளகு உள்ளே ஓடிப்போய்ப் பாதி பாக்கெட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். "உனக்கு நாலு எடுத்து வெச்சேன்."

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பார்கள். இந்த வீட்டில் தின்றவன் ஒருவன், குடிப்பவர்கள் வேறு ஆட்கள்.

அவள் ஒரு பிஸ்கட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"நல்லா எடுத்திருக்கேடி," என்றாள். "என்னைவிட நல்லா."

மிளகு சிரித்தாள். அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

விசாரணை அறையில் ஒரு மேஜை, மூன்று நாற்காலி, சுவரோரம் ஒரு பெஞ்சு. நாற்காலிகளில் ஏற்கனவே வேன்காரனும் அவன் அக்காவும் உட்கார்ந்திருந்தார்கள். வேன்காரனுடைய வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை. அக்கா, அதாவது நம்மவளின் நாத்தனார், இரண்டு தெரு தள்ளி இஸ்திரிக் கடை வைத்திருக்கிறவள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவளும் வீட்டில்தான் இருந்தாள். எல்லாவற்றையும் பார்த்தாள். தன் துண்டால் உருண்டையின் தலையை அமுக்கிப் பிடித்து ஆஸ்பத்திரி வரைக்கும் ஓடினவளே அவள்தான். ஆனால் அன்றிலிருந்து வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கும் அவள் தம்பி பெண்டாட்டியின் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இடுப்பில் உருண்டையும் கையில் மிளகுமாக வந்தவளைக் கண்ணாடி அம்மா வாசலிலேயே நிறுத்திக் கேட்டார். "கொண்டுவந்தீங்களா?"

அவள் உறையை நீட்டினாள். கண்ணாடி அம்மா உள்ளே எட்டிப் பார்த்தார். சோப்பு வாசனை வந்தது. அவர் உறையை மெதுவாக மூடினார்.

அதிகாரி கெட்டவர் என்று சொல்ல முடியாது. மேஜையில் பத்தொன்பது கோப்புகள், இது பதினாறாவது. முதலில் மிளகை மட்டும் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போய்ப் பேசினார். மூன்று நிமிஷத்தில் திரும்பிவிட்டார்கள்.

"ஆஸ்பத்திரிச் சீட்டுல கட்டில்லேருந்து விழுந்ததா இருக்கு," என்றார் அதிகாரி. "நீங்க இல்லைங்கிறீங்க. ஏதாவது ஆதாரம் இருக்கா?"

"இருந்தது மேடம்."

"இருந்ததுன்னா?"

"துவைச்சாச்சு."

வேன்காரன் இருமுகிற மாதிரி வாயைப் பொத்திக்கொண்டான்.

"அண்ணி!" அவள் நாத்தனார் பக்கம் திரும்பினாள். "நீங்க பாத்தீங்கல்ல? ஒரு வார்த்தை சொல்லுங்க அண்ணி. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

நாத்தனார் தலை நிமிரவில்லை. வேன்காரன் நாற்காலியைக் கொஞ்சம் அவள் பக்கமாக நகர்த்திப் போட்டான். அவ்வளவுதான் செய்தான்.

"நான் அடுப்படியில இருந்தேன்," என்றாள் நாத்தனார்.

அதிகாரி பெருமூச்சு விட்டார். "இன்னிக்குக் காலையில பையனை யார் பாத்துக்கிட்டாங்க?"

"பெரியவ."

"பெரியவளுக்கு என்ன வயசு?"

"ஏழு."

கேட்டவர் ஏதோ குறித்துக்கொண்டார். வேலைக்குப் போகாவிட்டால் சோறு இல்லை, வேலைக்குப் போனால் பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லை, ஆள் வைக்க வக்கு இல்லை என்பதையெல்லாம் குறிக்க அந்தத் தாளில் கட்டம் கிடையாது.

"பாருங்கம்மா, உங்க பொண்ணும் கட்டில்லேருந்து விழுந்தான்னுதான் சொல்றா."

கறைக்காரி திரும்பி மிளகைப் பார்த்தாள். மிளகு அவளைப் பார்த்துச் சமர்த்தாகத் தலையை ஆட்டினாள்.

பட்ட காலிலே படும், கெட்ட குடியே கெடும். பதினைந்து நாள் கழித்து அடுத்த தேதி. அதுவரை பையன் அத்தை வீட்டில். பெண் அம்மாவோடு. "அத்தை வீட்டுப் பக்கம் நீங்க போகக் கூடாது. போய்ச் சத்தம் போட்டீங்கன்னு தகவல் வந்தா, அப்புறம் பொண்ணு விஷயமும் யோசிக்க வேண்டி வரும். இங்க ஒரு கையெழுத்து."

அவள் போட்டாள்.

வெளியே வந்ததும் கண்ணாடி அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "மையத்து இல்லத்துல இப்ப இடமே இல்லைம்மா. திங்கட்கிழமை ஒரு கட்டில் காலியாகுது. அதுவரைக்கும் தங்க யாராவது இருக்காங்களா?"

"இருந்தா இத்தனை வருஷம் அங்க ஏன் மேடம் இருக்கேன்?"

திங்கட்கிழமைக்கு முன்னால் மூன்று ராத்திரி. லைன் வீடோ வேன்காரன் பேரில்.

பஸ் நிறுத்தத்தில் நாத்தனார் கையை நீட்டினாள். உருண்டை அம்மாவின் கழுத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டான். ஒவ்வொரு விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது. பிரித்ததும் நாத்தனார் தன் முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"பால் ஆறினாத்தான் குடிப்பான் அண்ணி. தூங்கும்போது காதைத் தடவிக் குடுக்கணும்."

"தெரியும்," என்றாள் நாத்தனார். பஸ் ஏறிப் போய்விட்டாள். உருண்டையின் அழுகை பஸ் சத்தத்தோடு கலந்து, திருப்பம் தாண்டும்வரை கேட்டது.

வேன்காரனுக்கு வேலை இருந்தது. "மூட்டையை இறக்கிட்டு வரேன்," என்று சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு அவன் முன்பே வேனில் போய்விட்டான்.

தாயும் மகளும் வெறும் நிறுத்தத்தில் நின்றார்கள். மிளகு அவள் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"நான் சரியாத்தானே சொன்னேன்? கட்டில்லேருந்து விழுந்தான்னு சொன்னா இனிமே உன்னை அடிக்கவே மாட்டேன்னாரு அப்பா. என் தலையில கை வெச்சு சத்தியம் பண்ணாரு."

குழந்தையின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். எதைத் தப்பென்று சொல்வது? அப்பா பொய் சொல்வான் என்பதையா, அம்மா அதை எட்டு வருஷமாக நம்பினாள் என்பதையா?

வயிற்றில் முகம் புதைத்தபடியே மிளகு பேசினாள்.

"அம்மா, ஒரே ஒரு கறைதான் இன்னும் இருக்கு."

"எங்கடி?"

"அத்தை வீட்டுல. அன்னிக்குத் தம்பி தலையை அமுக்கினாங்கல்ல, அந்தத் துண்டு. பீரோவுக்கு அடியில சுருட்டி வெச்சிருக்காங்க. அதுக்குள்ள நம்ம சர்க்கரை டப்பா மூடி இருக்கு. அதுலயும் ரத்தம். போன ஞாயித்துக்கிழமை பந்து தேடும்போது பாத்தேன். துவைச்சுத் தரட்டான்னு கேட்டேன். கையில ஒண்ணு வெச்சு, தொட்டே, தோலை உரிச்சிடுவேன்னாங்க."

கறைக்காரி மூச்சை இழுத்துப் பிடித்தாள். நாத்தனார் இஸ்திரி போடுகிறவள். அந்த வீட்டில் அழுக்கு ஒரு ராத்திரி தங்காது. துணியையே நம்பிப் பிழைக்கிற வீட்டில் பன்னிரண்டு நாள் ஒரு துண்டு துவைக்காமல் கிடந்தால் அது மறதி இல்லை. வாய் திறக்கப் பயந்தவள், தன்னால் முடிந்ததை எடுத்து ஒளித்து வைத்திருக்கிறாள்.

"இதை வேற யார்கிட்டயாவது சொன்னியாடி?"

"அப்பாகிட்ட மட்டும்தான்மா. மத்தியானம் பிஸ்கட் குடுத்தப்ப சொன்னேன்." மிளகு நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் அதே பெருமை. "சர்க்கரைக்கு எறும்பு வருதுல்ல? மூடி அத்தை வீட்டுலதான் இருக்குன்னு சொன்னேன். வேனை விட்டுட்டு நேரா அங்க போய் அவரே எடுத்துக்கிறேன்னாரு."

எதிர்க்கடைக் கடிகாரத்தில் மணி ஐந்தே கால். வேன் ஐந்தரைக்கெல்லாம் லாண்டரி ஷெட்டுக்கு வந்துவிடும்; அத்தை வீட்டுப் பக்கம் போக மாட்டேன் என்று அவளோ கையெழுத்துப் போட்டிருந்தாள்.